பிரான்ஸ் விசா மறுப்பும் பிரெபெக்சரின் மௌனமும்: முத்தியால்பேட்டை சகோதரிக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். எழுதியிருப்பவர் முத்தியால்பேட்டையில் வசிக்கிறார். கணவர் இந்தியக் குடிமகன். பாரிசை ஒட்டிய சேன் தெனியில் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறார். மனைவியையும் நான்கு வயது மகளையும் அழைத்துக்கொள்ளக் குடும்ப ஒன்றிணைவுக்கு விண்ணப்பித்து ஒன்பது மாதம் ஆகிறது. பிரெபெக்சரிடமிருந்து, அதாவது அங்குள்ள மாவட்ட அரசு அலுவலகத்திலிருந்து, ஒரு வரி பதிலும் இல்லை. கணவருடைய கார்த் செஜூர், அதாவது தங்கும் அனுமதி அட்டையின் புதுப்பிப்பும் ஐந்து மாதமாக நிற்கிறது. இதற்கிடையில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் நாத்தனார் மகளுக்கு மூன்று வாரத்துக்கு முன் விசா மறுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெண் சென்ற ஆண்டு மணந்தது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு புதுச்சேரிக்காரரை. “பொறுத்திருப்பதா, புதிதாக விண்ணப்பிப்பதா? ஏஜெண்ட் ஒருவர் உள்ளே ஆள் தெரியும் என்கிறார், பணம் கேட்கிறார்” என்று கேட்கிறார்.

சகோதரி, நீங்கள் கடைசியாக எழுதிய விஷயத்தை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். நாத்தனார் மகளுக்கு மிச்சமிருப்பது ஒரு வாரம் சொச்சம்தான்.

விசா மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முன்பு இரண்டு மாதம் கொடுத்தார்கள். 2023 ஜனவரி முதல் அது 30 நாளாகச் சுருங்கிவிட்டது. மறுப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு. நம் ஊரில் இன்னும் பலர் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கேட்டு, பொங்கல் முடியட்டும், ஆடி முடியட்டும் என்று இருந்தவர்களின் உரிமை கைநழுவிப் போனதைப் பார்த்திருக்கிறேன். நீண்டகால விசாவுக்கான மேல்முறையீடு நாந்த் நகரில் உள்ள விசா மறுப்பு மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போக வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக்கொண்டு நேராக நீதிமன்றம் போக முடியாது. புதுச்சேரி மரின் வீதியில் உள்ள துணைத் தூதரகத்துக்கு மறுபரிசீலனைக் கடிதம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் ஆணையத்துக்கான கெடு நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும்.

கடிதம் பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும், மறுப்புக் கடிதத்தின் நகல் சேர்ந்திருக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. மறுக்கப்பட்ட பெண்ணே எழுதலாம். கணவருக்கும் அந்த உரிமை உண்டு. இந்த நிலைமையில் கணவர் எழுதி, பிரான்சிலிருந்தே ஒப்புகைச் சீட்டோடு கூடிய பதிவுத் தபாலில், அதாவது ரெக்கமாந்தேயில், இந்த வாரமே அனுப்புவது நல்லது. கடலூரிலிருந்து அனுப்பும் தபால் எப்போது நாந்த் சேரும் என்று சொல்ல முடியாது. கெடுவுக்குள் போட்டால் போதும் என்று எண்ணாமல், கெடுவுக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று எண்ணுங்கள். எல்லாச் சான்றும் சேரவில்லையே என்று தயங்க வேண்டாம். முதலில் மேல்முறையீடு போகட்டும். மேலும் சான்றுகள் பின்னால் வரும் என்று அதிலேயே ஒரு வரி எழுதிவிட்டு, பிறகு அனுப்பலாம்.

என்ன எழுதுவது? மறுப்புத் தாளில், திருமணம் பிரான்சில் குடியேறுவதற்காக மட்டும் செய்யப்பட்டது என்ற பொருளில் காரணம் குறிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். இங்கே சட்டம் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. பிரெஞ்சுக் குடிமகனின் மனைவிக்கோ கணவனுக்கோ நீண்டகால விசாவை மூன்றே காரணங்களுக்காகத்தான் மறுக்கலாம்: மோசடி, திருமணம் செல்லாது என்ற தீர்ப்பு, பொது ஒழுங்குக்கு அச்சுறுத்தல். கணவரின் சம்பளம் குறைவு, வீடு சிறியது, பெண்ணுக்குப் பிரெஞ்சு வரவில்லை என்பதெல்லாம் இதில் காரணமே ஆகாது. மோசடி என்று சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்தின் தலையில் இருக்கிறது. திருமணம் பிரெஞ்சுக் குடிமைப் பதிவேட்டில் ஏறி, பிரெஞ்சு நிர்வாகம் தம்பதிக்குக் கொடுக்கும் குடும்ப ஏடும் கைக்கு வந்துவிட்டது என்கிறீர்கள். திருமணத்துக்கு முன்னும் பதிவேட்டில் ஏற்றும்போதும் உண்மைத்தன்மையைப் பார்க்க அதிகாரிகளுக்கு வாய்ப்பு இருந்தது. அப்போது எந்தத் தடையும் எழவில்லை. கடிதத்தின் முதல் பத்தியிலேயே இதைச் சொல்ல வேண்டும்.

இதற்குப் பிறகு வருவதுதான் நம் ஊர்க்காரர்கள் எழுதத் தவறும் பகுதி. ஒரு பிரெஞ்சு அதிகாரியின் கண்ணுக்கு நம் திருமணம் எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள். முதல் சந்திப்புக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் நடுவே இரண்டு வாரம். அதற்கு முன் இருவரும் பேசியதே இல்லை. கணவர் மூன்று வார விடுப்பில் வந்து, தாலி கட்டிவிட்டு, திரும்பிப் போய்விட்டார். அங்கே வளர்ந்த ஒருவருக்கு இந்த வரிசை சந்தேகத்தைத்தான் தரும். நமக்கோ இதில் விசேஷமாக எதுவும் இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி, வெட்கப்படாமல் விளக்குங்கள். யார் வரன் சொன்னார்கள், ஜாதகம் எப்போது பார்த்தார்கள், பெண் பார்க்க யார் யார் வந்தார்கள், இரண்டு குடும்பத்துக்கும் முன்பே என்ன உறவு, கல்யாண மண்டபத்துக்கு எப்போது முன்பணம் கட்டினார்கள், சீர் யார் செய்தார்கள் என்று தேதியோடு எழுதினால், அது நாந்தில் உட்கார்ந்து படிப்பவருக்கும் புரியும். மண்டப ரசீது, அழைப்பிதழ், இரு வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து நிற்கும் படங்கள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். மாலை போட்ட படத்தை மட்டும் அனுப்பினால் போதாது.

திருமணத்துக்குப் பிந்திய சான்றுகளுக்கு இன்னும் மதிப்பு அதிகம். கணவர் அனுப்பிய பணத்தின் வங்கிப் பதிவு, மாதவாரியாக ஒன்றிரண்டு அழைப்புப் பதிவுகள், மறுபடி அவர் வந்துபோன விமான டிக்கெட், மருத்துவமனையில் இருவர் பெயரும் உள்ள தாள் என்று எது இருந்தாலும் உதவும். ஆயிரம் பக்க வாட்ஸ்அப் உரையாடலை அச்சிட்டு அனுப்பாதீர்கள். யாரும் படிக்க மாட்டார்கள். உறவினர்கள் சாட்சிக் கடிதம் கொடுத்தால் ஒவ்வொன்றோடும் அவரவர் அடையாள அட்டை நகல் இருக்கட்டும். எல்லோரும் ஒரே வாசகத்தை எழுதியிருந்தால் அது கடிதத்தைப் பலவீனமாக்கும். அவரவர் பார்த்ததை அவரவர் எழுதட்டும். நேர்காணலில் கணவனும் மனைவியும் சொன்ன பதில்கள் முரண்பட்டிருந்தால் அதை மறைக்காமல், ஏன் முரண்பட்டது என்று விளக்குங்கள். ஒருவர் நிச்சயதார்த்த நாளையும் மற்றவர் பதிவுத் திருமண நாளையும் சொல்லியிருப்பது அடிக்கடி நடப்பது.

ஆணையம் இரண்டு மாதம் பதில் சொல்லாமல் இருந்தால் அது மறுத்ததாகவே பொருள். அடுத்த படி நாந்த் நிர்வாக நீதிமன்றம். அதற்குக் கெடு இரண்டு மாதம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு மேலும் இரண்டு மாதம் கூட்டித் தருகிறார்கள். ஆனால் மனுவில் கணவரின் பெயரும் இருந்தால், அவர் பிரான்சில் இருப்பதால், இரண்டு மாதத்தையே கெடுவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக விண்ணப்பிக்கலாமா என்றும் கேட்டீர்கள். தடை ஒன்றும் இல்லை. ஒரு தாள் விட்டுப்போனதால் வந்த மறுப்பு என்றால் நானே அதைத்தான் சொல்வேன், விரைவாக முடியும். ஆனால் மோசடி என்று எழுதியபின் அதே தாள்களோடு மறுபடி போனால் அதே பதில்தான் வரும். முதல் மறுப்பும் எதிர்ப்பில்லாமல் கோப்பில் நிலைத்துவிடும். இங்கே மேல்முறையீடுதான் வழி.

இப்போது உங்கள் விஷயம். நீங்கள் “பதில் வரவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின் பார்வையில் பதில் வந்துவிட்டது. குடும்ப ஒன்றிணைவு விண்ணப்பம் முழுமையாகச் சேர்ந்த நாளிலிருந்து பிரெபெக்சரின் தலைவரான பிரெபெக்டுக்கு ஆறு மாதம் அவகாசம். அதற்குள் முடிவு சொல்லாவிட்டால் மறுத்துவிட்டதாகக் கணக்கு. கணவரின் புதுப்பிப்புக்கு அந்தக் கணக்கு நான்கு மாதம். ஆக, இரண்டு கோப்பிலும் மௌன மறுப்பு ஏற்கெனவே பிறந்துவிட்டது. இது கேட்க அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் ஒரு வகையில் உங்களுக்குச் சாதகம். மறுப்பு என்று ஒன்று இருந்தால்தான் அதை எதிர்க்க முடியும். வெறும் காத்திருப்பை எந்த நீதிமன்றத்திலும் எதிர்க்க முடியாது.

முதலில் கணவரின் புதுப்பிப்பைப் பாருங்கள். குறைந்தது ஓராண்டு செல்லுபடியாகும் அனுமதி அட்டை அவரிடம் இருந்தால்தான் குடும்பத்தை அழைக்கும் உரிமையே உண்டு. இது அடித்தளம், இது சரிந்தால் மேலே எதுவும் நிற்காது. இணையவழியில் விண்ணப்பித்திருந்தால் பரிசீலனை நீட்டிப்புச் சான்று ஒன்று கொடுப்பார்கள். புதுப்பிப்புக்கு அது இருக்கும்வரை அவர் சட்டப்படி தங்கலாம், வேலை செய்யலாம். விண்ணப்பம் சேர்ந்தது என்று தானாக வரும் உறுதிச் செய்தி வேறு, இது வேறு. அந்தச் செய்தியைக் காட்டி வேலையில் நீடிக்க முடியாது. நீட்டிப்புச் சான்று கையில் இருப்பதால் நான்கு மாதக் கணக்கு நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் பலர். நிற்காது. சான்று காலாவதியாகும் தேதியை அவர் இன்றே பார்த்து, முன்கூட்டியே அடுத்ததைக் கேட்கட்டும். கையில் செல்லுபடியாகும் தாள் இல்லாமல் ஊருக்கு வர வேண்டாம். தீபாவளிக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டால், துணைத் தூதரகத்தில் திரும்பும் விசா கேட்டு நிற்க வேண்டிவரும். அதற்குள் வேலை போய்விடலாம்.

இணையக் கணக்கைத் திறந்து, கூடுதல் ஆவணம் கேட்டுச் செய்தி வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மின்னஞ்சலின் குப்பைக் கோப்புறையையும் பார்க்கட்டும். கேட்ட தாளைக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். அது மறுப்பு அல்ல, விண்ணப்பமே இல்லை என்றாகிவிடும்.

தபால் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் இழப்பது அங்கேதான். சேன் தெனியிலும் சார்செலிலும் ஒரே வீட்டில் நான்கு பேர் சேர்ந்து குடியிருப்பார்கள். பெட்டியில் ஒருவர் பெயர்தான் ஒட்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயர் பெட்டியில் இல்லாவிட்டால் தபால்காரர் திருப்பி எடுத்துப் போய்விடுவார். ரெக்கமாந்தே வந்தால் தபால் நிலையத்தில் 15 நாள் வைத்திருப்பார்கள். போய் வாங்காவிட்டாலும் சட்டப்படி அது உங்களுக்குக் கிடைத்ததாகவே கொள்ளப்படும், அதுவும் தபால்காரர் முதலில் கொண்டுவந்த நாளிலிருந்து. கெடு அங்கிருந்து ஓடத் தொடங்கும். வீடு மாறியிருந்தால் மூன்று மாதத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாவட்டத்துக்கு மாறினால் கோப்பும் வேறு பிரெபெக்சருக்குப் போகும். தாமதத்துக்கு அது ஒரு பெரிய காரணம்.

மௌன மறுப்புக்கு எதிராக எடுக்கக்கூடிய முதல் கருவி, காரணம் கேட்கும் கடிதம். “உங்கள் மௌனத்தால் ஏற்பட்ட மறுப்பின் காரணங்களைத் தெரிவியுங்கள்” என்று கேட்டு பொபிஞ்ஞியில் உள்ள பிரெபெக்சருக்கு ரெக்கமாந்தே அனுப்ப வேண்டும். ஒரு மாதத்துக்குள் காரணம் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். சொன்னால், சொன்ன நாளிலிருந்து இரண்டு மாதம் வழக்குக் கெடு. சொல்லாவிட்டால், காரணமற்ற மறுப்பு என்ற ஒரே அடிப்படையிலேயே நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம். ஒரு தபால் செலவில் கிடைக்கும் இந்த உரிமையை நம்மவர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம். இந்தக் கடிதமும் மறுப்பை எதிர்ப்பதற்கான கெடுவுக்குள் போக வேண்டும். பொதுவாக அது மௌன மறுப்பு பிறந்த நாளிலிருந்து இரண்டு மாதம். கணவரின் புதுப்பிப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. குடும்ப ஒன்றிணைவுக்கு எட்டாம் மாதத்தோடு அது கடந்துவிட்டதாகத் தோன்றும். அங்கே ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும்: பிரெஞ்சுக் குடியேற்ற அலுவலகமான ஓஃபி கொடுத்த ஒப்புகைச் சான்றில், பதில் வராவிட்டால் மறுப்பு என்றும், எங்கே எத்தனை நாளில் முறையிடலாம் என்றும் எழுதியிருக்கிறதா? எழுதியிருக்காவிட்டால் அந்த இரண்டு மாதக் கெடுவை உங்கள்மேல் சுமத்த முடியாது. நியாயமான காலத்துக்குள், ஏறத்தாழ ஓராண்டுக்குள், முறையிடலாம்.

சேன் தெனிக்கு உரிய நிர்வாக நீதிமன்றம் மோந்த்ரெய்யில் இருக்கிறது. புதுப்பிப்பு மறுக்கப்பட்ட வழக்கில் அவசர இடைநிறுத்தமும் கோரலாம். புதுப்பிப்பு என்றாலே அவசரம் இருப்பதாக நீதிபதிகள் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள், இருக்கிற வாழ்வாதாரம் பறிபோகிறது என்பதால். இதற்கு வழக்கறிஞர் வைப்பதே நல்லது. வருமானம் குறைவாக இருந்தால் அரசின் சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம். குடியேறியவர்களுக்கு உதவும் லா சிமாத் என்ற அமைப்பின் ஆலோசனை நேரங்கள், உரிமைகள் பாதுகாவலரின் மாவட்டப் பிரதிநிதிகள் இரண்டும் இலவசம். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சாப்பலில் கடை வைத்துக்கொண்டு படிவம் நிரப்புபவர்களைவிட இவர்களிடம் போகட்டும். நாட்டைவிட்டு வெளியேறும் ஆணையோடு எழுத்து மூல மறுப்பு வந்துவிட்டால் கெடு ஒரே மாதம். காவலிலோ வீட்டுக் காவலிலோ வைத்தால் அதைவிடக் குறைவு. அன்றே வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

ஏன் நிற்கிறது என்பதையும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். குடும்ப ஒன்றிணைவில் இரண்டு இடத்தில்தான் பெரும்பாலும் முட்டும். ஒன்று வருமானம்: உங்களைப் போல மூன்று பேர் குடும்பத்துக்குக் கடந்த 12 மாத சராசரி, சட்டக் குறைந்தபட்சச் சம்பளமான ஸ்மிக்குக்குக் குறையக் கூடாது. நான்கைந்து பேர் என்றால் அதற்கு மேல் 10 சதவீதம். உணவக வேலையில் ஒரு பகுதியைச் சீட்டில் காட்டாமல் கையில் கொடுப்பது நடக்கிறது. அந்தப் பணம் இந்தக் கணக்கில் பூஜ்யம். உங்கள் கணவருக்கு அப்படியிருந்தால், முழுச் சம்பளத்தையும் சீட்டில் கொண்டுவரும்படி முதலாளியிடம் இன்றே கேட்க வேண்டும். இன்னொன்று வீடு: பாரிஸ் வட்டாரத்தில் இருவருக்கு 22 சதுர மீட்டர், மேலும் ஒவ்வொருவருக்கும் 10. உங்கள் மூவருக்கும் 32 வேண்டும். நண்பர்களோடு பகிர்ந்த அறை செல்லாது. ஆனால் ஏதோ ஒன்று கொஞ்சம் குறைகிறது என்பதற்காகப் பிரெபெக்ட் கண்ணை மூடிக்கொண்டு மறுத்துவிட முடியாது. குடும்ப வாழ்வுக்கான உரிமையையும் அவர் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். பிரிந்திருக்கும் காலம், குழந்தையின் வயது இரண்டையும் கடிதத்தில் எழுதுங்கள்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு நீங்கள் செய்ய வேண்டியது தாள்களைச் சரிபார்ப்பது. பெயர்தான் நம் பக்கத்துத் தீராத தொல்லை. பிறப்புச் சான்றில் தந்தை பெயர் முதலெழுத்தாக, பாஸ்போர்ட்டில் அது குடும்பப் பெயராக, திருமணச் சான்றில் வேறு எழுத்துக்கூட்டலில் இருந்தால், அவர்களுக்கு அது மூன்று ஆட்கள். நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரம் இதற்குத் தீர்வாகாது. பதிவேட்டிலேயே திருத்த வேண்டும். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. புதுச்சேரி நகராட்சியோ, உழவர்கரை நகராட்சியோ, கொம்யூன் பஞ்சாயத்தோ, பதிவு எங்கே இருக்கிறதோ அங்கே மனுக் கொடுங்கள். திருத்திய சான்றுக்கு அப்போஸ்தில் முத்திரை, அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அரசு முத்திரை, வாங்கியபிறகு, முத்திரையையும் சேர்த்து அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் பிரெஞ்சில் பெயர்க்கச் சொல்லுங்கள். வரிசை மாறினால் இருமுறை செலவு.

உங்கள் தாத்தா பிரெஞ்சு இராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த தாளை இணைத்தால் பலன் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கோப்புக்குப் பலன் இல்லை. 1962 ஆகஸ்ட் 16-இல், புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டவர்களின் வழி தனி வழி. அது குடியுரிமைச் சான்று சம்பந்தப்பட்டது. இரண்டையும் கலக்க வேண்டாம்.

ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். துணைத் தூதரகத்துக்குப் பிரெபெக்சர் கோப்பின் மேல் அதிகாரம் கிடையாது. பிரெபெக்சரில் ஆள் தெரியும் என்பவர் உங்களிடம் பொய் சொல்கிறார். அதைவிட ஆபத்து, அவர் சேர்க்கும் ஏதோ ஒரு போலித் தாள். அது பிடிபட்டால் உண்மையான திருமணத்துக்கும் உண்மையான குழந்தைக்கும் மோசடி என்ற முத்திரை விழுந்துவிடும். பிறகு பல ஆண்டுகள் அதையே துடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நாத்தனார் மகளின் மேல்முறையீடு இந்த வாரம் போகட்டும். கணவரின் காரணம் கேட்கும் கடிதம் அடுத்து. உங்கள் கோப்புக்கு, ஓஃபி கொடுத்த ஒப்புகைச் சான்றில் உள்ள தேதியையும், அதில் முறையீடு பற்றி எழுதியிருக்கும் வரிகளையும் அப்படியே பார்த்து எழுதி அனுப்புங்கள். காரணம் கேட்கும் கடிதம் இன்னும் செல்லுமா, புதிய விண்ணப்பம்தான் வழியா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.